ஒரே கட்டடம், மூன்று அடுப்பு: ஆழ்வார்பேட்டையில் யார் யாருடன் வாழ்வது என்பதை வீட்டுப் பத்திரம் முடிவு செய்வது எப்படி?

‘உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?’ சுலபமான கேள்விதான். ஆனால், ஆழ்வார்பேட்டையில் இதற்குப் பதில் சொல்லப் பலரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

2011-க்குப் பிறகு நாடு தன் மக்களை முழுமையாக எண்ணவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப்பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம் ஒதுக்கப்பட்டது. ஆட்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில். வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை மணமான தம்பதிகள் என்பதெல்லாம் கேட்கப்படும் கேள்விகள். இதில் ‘குடும்பம்’ என்பதற்கு சென்சஸ் வைத்திருக்கும் இலக்கணம் சுவாரஸ்யமானது. அது ரத்த உறவைப் பார்ப்பதில்லை, அடுப்பைப் பார்க்கிறது. வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை எல்டாம்ஸ் சாலை, சி.பி. ராமசாமி சாலை, செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் வைத்துப் பார்ப்போம். தரைத்தளத்தில் 70-களின் இறுதியில் இருக்கும் அப்பா, அம்மா. முதல் மாடியில் மூத்த மகன், மருமகள், வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்ட பேரன். இரண்டாவது மாடி அமெரிக்காவில் இருக்கும் மகளின் பங்கு. அதில் வாடகைக்கு ஒரு தம்பதி. கேட்டால், “நாங்க கூட்டுக் குடும்பம்தான், கிச்சன் மட்டும் தனி” என்பார்கள். சென்சஸ் கணக்கில் அது மூன்று குடும்பம். கீழிருந்து மேலே இட்லி மாவு போவதும், மேலிருந்து கீழே மாத்திரை வருவதும் எந்தப் படிவத்திலும் ஏறாது.

அதே தெருக்கோடியில் இருக்கும் பெண்கள் பிஜியில், ஒருவரையொருவர் போன மாதம்வரை பார்த்திராத 20 பேர் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். சென்சஸ் அவர்களை ஒரே குடும்பமாக எழுதிக்கொள்ளும், ‘நிறுவனக் குடும்பம்’ என்ற தனி வகையில்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடி பேர், சுமார் 1.85 கோடி குடும்பங்கள். அதாவது ஒரு குடும்பத்துக்கு 4 பேர்கூட இல்லை. நாட்டின் சராசரி அப்போது 5-ஐ ஒட்டி இருந்தது. ‘கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது’ என்று ஆண்டுதோறும் பட்டிமன்றத்தில் அழுவதற்கு இந்த எண் போதும். ஆனால், அது உடைந்ததா, மாடி மாடியாக அடுக்கப்பட்டதா என்பதை இந்த எண் சொல்லாது.

பங்களா எப்படி அடுக்கானது?

இன்றைய டிடிகே சாலைக்குப் பழைய பெயர் மௌப்ரேஸ் சாலை. இதைச் சுற்றியிருந்த பகுதி ஒருகாலத்தில் தோட்டத்துடன் கூடிய பெரிய வீடுகளின் பகுதி. அப்பா காலத்து மனை ஒன்று, வாரிசுகள் நாலைந்து பேர். மனையை வெட்டினால் யாருக்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் பில்டருடன் ‘ஜாயின்ட் வென்ச்சர்’. நிலம் குடும்பத்துடையது, கட்டுவது பில்டர், ஃபிளாட்டுகளில் இருவருக்கும் பங்கு. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

மகள்களும் இந்தப் பங்கில் வந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தரும் இந்து வாரிசுரிமைத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பு திருமணமான பெண்கள் மட்டும் விடுபட்டார்கள். மத்திய அரசு 2005-ல் நாடு முழுவதற்கும் அதைச் செய்தது. அதை எப்படிப் பொருள்கொள்வது என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: உரிமை பிறப்பால் வருவது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை.

ஆக, ஆழ்வார்பேட்டையில் ஒரே கேட்டுக்குள் அண்ணன், தங்கை குடும்பங்கள் தனித்தனிக் கதவுகளோடு இருப்பதைப் பாசத்தின் கணக்கிலோ சண்டையின் கணக்கிலோ மட்டும் எழுதிவிட முடியாது. நிலத்தின் விலையும் வாரிசுரிமைச் சட்டமும் சேர்ந்து வரைந்த பிளான் அது. இன்று சம்பளத்தை மட்டும் நம்பி இங்கே வீடு வாங்குவது பெரும்பாலான இளைஞர்களுக்குக் கனவில்கூட வராத விஷயம். அதனால், யாரிடம் பத்திரம் இருக்கிறதோ அவரைச் சுற்றித்தான் மற்றவர்களின் குடித்தனம் அமைகிறது.

மூன்று பெட்ரூம், இரண்டு பேர்

மக்கள்தொகைக் கணிப்புக்கான தொழில்நுட்பக் குழுவின் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6%. கேரளத்துக்கு அடுத்து நாட்டில் இரண்டாவது இடம். 2031-ல் இது 18.2% ஆகும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இதற்கான விதை 30 ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2 குழந்தைகள் என்ற நிலை 1990-களிலேயே வந்துவிட்டது. இன்று 65, 70 வயதில் இருக்கும் நடுத்தர வர்க்கத் தம்பதிக்குப் பிள்ளைகள் ஒன்றோ இரண்டோதான். அதில் ஒருவர் பெங்களூரு, ஒருவர் டல்லஸ் என்றால் வீட்டில் மிஞ்சுவது இருவர். அவர்களில் ஒருவர் போனபின் மிஞ்சுவது, பெரும்பாலும் அம்மா.

2017-18-ல் நடந்த, முதியோர் பற்றிய தேசிய அளவிலான ‘லாசி’ ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் தனியாக வசிப்பவர்கள் 5.7%. கேட்கச் சின்ன எண். ஆனால் ‘தனியாக’ என்பதற்குள் துணையுடன் மட்டும் இருப்பவர்கள் வரமாட்டார்கள். 78 வயதுக் கணவரை 74 வயது மனைவி குளிக்கவைக்கும் வீடு இந்த 5.7%-க்கு வெளியேதான் இருக்கிறது.

பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது மாடி என்பது கிட்டத்தட்ட வீட்டுக்காவல். பணப் பிரச்சினை இல்லாதவர்கள் கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்புகளுக்கு மாறுகிறார்கள். மற்றவர்களுக்கு வாட்ச்மேன், வேலைக்கார அம்மா, மெடிக்கல் ஷாப் பையன் ஆகிய மூவரும்தான் நடைமுறையில் குடும்பம்.

ஒரு கட்டில், ஒரு அலமாரி

இதே பகுதியில் இன்னொரு பக்கம், மருத்துவமனை நர்ஸ்கள், ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியாளர்கள், விளம்பர நிறுவன ஊழியர்கள் எல்லாம் ஒரு அறையில் மூன்று கட்டில் போட்ட பிஜிகளில் இருக்கிறார்கள். தனியாக ஃபிளாட் எடுக்கலாமே என்றால் முதல் தடை அட்வான்ஸ். 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கம் அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த தடை ‘ஃபேமிலி ஒன்லி’, ‘வெஜிடேரியன் ஒன்லி’ என்ற வாசகங்கள். இப்படி ஆள் பார்த்து மறுப்பதைத் தடுக்க வாடகைச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.

பிஜி, ஹாஸ்டல்களுக்குச் சில சட்ட நிவாரணங்கள் வந்திருக்கின்றன. ஹாஸ்டல் என்பது வணிக லாட்ஜ் இல்லை, அங்கே தங்குபவர்களுக்கு அது வீடுதான் என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஜிஎஸ்டி வழக்கு ஒன்றில் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும் இறங்கிவந்தது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது. பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டு சட்டப்படி பதிவும் உரிமமும் கட்டாயம். பிஜியில் சேரும் முன் அந்த லைசென்ஸைக் கேட்பது உங்கள் உரிமை. அரசே நடத்தும் ‘தோழி’ விடுதிகளும் உண்டு, ஆனால் தேவை அதைவிடப் பெரிது.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலை வேறு. 28 வயதில் அப்பா வீட்டில் இருப்பது இங்கே செய்தியே இல்லை. அமெரிக்காவில் அது தலைப்புச் செய்தி. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், 18 முதல் 29 வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் 52% பேர் பெற்றோருடன் இருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் சொன்னபோது அங்கே பெரிய விவாதமே நடந்தது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். 2023 கணக்கில் ஃபின்லாந்து இளைஞர்கள் சராசரியாக 21 வயதில் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள், குரோஷியாவில் கிட்டத்தட்ட 32. குரோஷியர்களுக்கு அம்மா மீது பாசம் அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. வாடகை வீட்டுச் சந்தை, நிலையான வேலை, அரசு உதவி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இங்கேயும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் என்னவென்றால், இங்கே அம்மா அப்பாவோடு இருப்பதில் வாடகை மட்டும் மிச்சமாவதில்லை. எதிர்காலத்தில் வீடு யாருக்கு என்ற பேசப்படாத கேள்வியும் அதே டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறது.

50,000 ரூபாயில் கைமாறும் கோடிகள்

இந்த விஷயத்தில் இளைஞர்கள், பெரியவர்கள் இரு தரப்பும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டை விற்றால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 2 கோடி ரூபாய் ஃபிளாட் என்றால் பொதுவாக 18 லட்சம். அதே ஃபிளாட்டை அம்மா மகனுக்குத் ‘தான செட்டில்மென்ட்’ பத்திரமாக எழுதிக்கொடுத்தால்? குடும்ப உறுப்பினர்களுக்குள் என்பதால் இரண்டும் தலா 1%தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. மொத்தமே 50,000 ரூபாய்.

“எப்படியும் உனக்குத்தானே, இப்பவே எழுதிடலாம்” என்று பெற்றோர் முடிவெடுக்க இது பெரிய காரணம். இன்னொரு காரணம், உயில் மீதான பயம். சென்னை நகரச் சொத்து பற்றிய உயில் என்றால் நீதிமன்றம் போய் ‘புரொபேட்’ வாங்க வேண்டும் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. பத்திரம் எழுதினால் அந்த அலைச்சல் இல்லை.

ஆனால் உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், வீடு அந்த நாளிலிருந்தே மற்றவருடையது. நாளைக்கு மனசு மாறினால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய் ரத்து செய்துவிட்டு வர முடியாது. சொந்த வீட்டில் இருந்த அம்மா, மறுநாள் காலை மகன் வீட்டில் இருக்கும் அம்மா ஆகிவிடுகிறார். அதே அறை, அதே கட்டில்தான்.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பாதுகாப்பு, 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் 60 வயதைக் கடந்தவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். தீர்ப்பாயம் என்றால் பெரிய கோர்ட் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான்.

சிக்கல் ‘நிபந்தனையுடன்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் வழக்கமாக வருவது, ‘தங்கள் மேல் உள்ள அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வாசகம். ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதுவதை அபசகுனமாக நினைக்கும் குடும்பங்களே அதிகம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்காவிட்டால் 23-வது பிரிவு உதவாது என்று ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும், தீர்ப்பாயம் வீட்டைத் திருப்பி ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்றது. இரண்டே மாதத்தில், மார்ச்சில், சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பு, பாசம் என்று எழுதினாலே அதற்குள் கவனிப்பு என்ற நிபந்தனை மறைமுகமாக அடங்கியிருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, சட்டத்தின் காற்று பெரியவர்கள் பக்கம் வீசுகிறது. அதை நம்பி வெறும் ‘அன்பினால்’ என்று எழுதிக்கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு வழக்கில் எடுபடுவது இன்னொன்றில் எடுபடாமல் போகலாம், 80 வயதில் வழக்கு நடத்துவதே ஒரு தண்டனை. பத்திரத்தில் இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தக் கூடுதல் கட்டணமும் இல்லை. ஒன்று, கவனிப்பு நிபந்தனை. மற்றொன்று, ஆயுள்கால உரிமை: தானும் துணையும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கவும், வாடகை வந்தால் அனுபவிக்கவும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. அம்மாவும் அப்பாவும் இப்படி எழுதச் சொன்னால், “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்காமல் இருப்பது பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி.

வீட்டைக் கொடுக்காத பெற்றோருக்கும் இந்தச் சட்டத்தில் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கேட்கும் வழி உண்டு. உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். முழுநேர ஹோம் நர்ஸ் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், இது எத்தனை நாளுக்கு வரும் என்று. இந்த வரம்பை நீக்க 2019-ல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, நிறைவேறாமலே 2024-ல் காலாவதியானது. மருமகன், மருமகளுக்கும் பொறுப்பு உண்டு என்று சொன்ன மசோதாவும் அதுதான்.

நடுவில் மாட்டும் மருமகள்

பல வீடுகளில் கவனிப்பு வேலையைச் செய்வது மருமகள், சட்டத்தில் பொறுப்பு மகனுக்கு, பத்திரத்தில் பெயர் மாமனாருக்கு. கணவன், மனைவிக்குள் பிரிவு வந்தால் இந்த மூன்றும் மோதுகின்றன. மருமகளை வெளியேற்ற மூத்த குடிமக்கள் சட்டத்தையே குறுக்குவழியாகப் பயன்படுத்திய வழக்குகள் உண்டு. பெங்களூரிலிருந்து போன அப்படியொரு வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தரும் ‘பகிர்ந்து வாழும் வீடு’ என்ற உரிமையை, முதியோர் சட்டத்தைக் காட்டித் தட்டிப்பறிக்க முடியாது. இரண்டு சட்டங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இது வசிக்கும் உரிமை, சொத்துரிமை இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இடித்துக் கட்டும்போது என்ன ஆகும்?

ஆழ்வார்பேட்டையில் அடுத்த சில ஆண்டுகளில் பல குடும்பங்கள் இந்தக் கேள்விகளை உட்கார்ந்து பேசியே ஆக வேண்டியிருக்கும். காரணம், மறுகட்டுமானம். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனைப் பரப்பைப்போல 1.5 மடங்கு என்றிருந்த சாதாரண கட்டட அளவை 2 மடங்காக்கின. 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு ஒரே ஒரு ஃபிளாட்காரர் முடியாது என்றாலும் எல்லாம் நின்றுவிடும். போதாக்குறைக்கு, ஆழ்வார்பேட்டைக்கு மெட்ரோ நிலையமும் வருகிறது. பில்டர்கள் கதவைத் தட்டாமல் இருப்பார்களா?

புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும், அகலமான பாத்ரூம் வரும், முதியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கட்டி முடியும்வரை ஓரிரு ஆண்டுகளோ மேலோ அவர்கள் எங்கே இருப்பார்கள்? பில்டர் வாடகை கொடுப்பார். 80 வயதுத் தம்பதிக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்பது வேறு கதை. “அதுவரைக்கும் எங்ககூட இருங்க” என்று மகன் வேளச்சேரிக்கு அழைத்துப்போவார். தற்காலிகமாகச் சேர்ந்த அடுப்பு, புது ஃபிளாட்டின் சாவி வந்த பிறகு பிரியுமா, அல்லது அந்த ஃபிளாட் வாடகைக்கு விடப்படுமா? அந்த நேரத்தில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பல வீடுகளில் பதிலாக இருக்கும். பில்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, ‘எளிமையாக இருக்கட்டும்’ என்று பெரியவர்கள் ஃபிளாட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

தனித்தனி அடுப்பு, ஆனால் பக்கத்திலேயே என்ற ஆசைக்கு அரசே பணம் தரும் ஊரும் இருக்கிறது. சிங்கப்பூரில் மறுவிற்பனையில் அரசு அடுக்குமாடி ஃபிளாட் வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து இருந்தால் 30,000 வெள்ளி மானியம். சேர்ந்து இல்லாமல் 4 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் 20,000 வெள்ளி. தூக்குவாளியில் கொண்டுபோகும் ரசம் ஆறிவிடாத தூரத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. ரேஷன் அட்டையோ தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் புதிதாகக் கொடுக்கப்படுகிறது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் ஒரு அட்டைக்கு ஒருவருக்குத்தான். இந்த ஃபிளாட்டுகளில் வேலை பார்க்கும் பெண்களின் வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால், இருவரில் ஒருவருக்குத்தான் பணம் வரும்.

பெற்றோர் ஏற்கெனவே செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்ட வீட்டில் இருப்பவர்கள், பத்திர நகலை எடுத்து நிபந்தனை, ஆயுள்கால உரிமை என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். இல்லையென்றால், வீட்டைப் பெற்ற பிள்ளையே பெற்றோர் இருவருக்கும் ஆயுள்கால வசிப்புரிமை கொடுத்து ஒரு பத்திரம் பதிந்துகொடுக்கவும் வழி உண்டு. வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யலாம். கவனிப்பாரற்று இருக்கும் முதியவர்களுக்கான தேசிய உதவி எண் 14567. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் அழைக்கலாம்.